2,400 ரூபாயா, 17,000 ரூபாயா: தமிழ் தட்டுபவர்கள் மெக்கானிக்கல் கீபோர்டு பார்த்து வாங்கும் முறை

நான் தட்டிக் கொடுத்த ஒரு நாவலின் மெய்ப்பைத் திருத்துகிறவர் ஒரு நாள் காலையில் அழைத்தார். "அம்மா, சில பக்கங்களில் மகள் என்று வர வேண்டிய இடத்தில் மக்கள் என்று வருகிறது. தாகம் தாக்கம் ஆகியிருக்கிறது. கவனித்தீர்களா?" என்றார். நான் கவனிக்கவில்லை. எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் காட்டவில்லை. மக்களும் தாக்கமும் அகராதியில் உள்ள சொற்கள், அது எதைக் காட்டும்?

22 ஆண்டுகளாகப் பதிப்பகங்களுக்குப் புத்தகம் தட்டிக் கொடுக்கிறேன். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப இரட்டிப்பது என் விரல் செய்யும் பிழை அல்ல என்று உடனே தெரிந்தது. வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, எச் விசையை மட்டும் நிதானமாக எண்ணி 100 தடவை அழுத்தினேன். திரையில் 106 எழுத்து விழுந்திருந்தது.

தமிழ்99 பழகியவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அந்த விசையமைப்பில் எச் விசைதான் க. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அது நமக்கு நாளெல்லாம் ஆயிரக்கணக்கான அழுத்தங்களை மிச்சப்படுத்தும் அருமையான ஏற்பாடு. ஆனால் சுவிட்ச் பழுதாகி, ஒரு அழுத்தத்தை இரண்டாக எண்ணத் தொடங்கினால் அதே ஏற்பாடு பிழையை மறைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதலாக விழுந்தால் சொல் கோணலாகத் தெரியும், அடியில் சிவப்புக் கோடு வரும். தமிழில் போகும் என்பது போக்கும் ஆகிறது, பாகு பாக்கு ஆகிறது. பழைய தட்டச்சு இயந்திர அமைப்பில் தட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே புள்ளியைத் தனியாக இட வேண்டும் என்பதால் "மககள்" என்று விழுந்து கண்ணில் பட்டுவிடும். ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் தட்டுபவர்களோ எங்களைப் போலத்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இதனால்தான் என் தங்கை மகள், "பெரியம்மா, நானும் தட்டச்சு வேலை எடுக்கப்போகிறேன். 2,400 ரூபாய்க்கும் மெக்கானிக்கல் கீபோர்டு கிடைக்கிறது, 17,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்க?" என்று கேட்டபோது என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு விலையிலும் ஒவ்வொன்று ஐந்து மாதமாக என் மேசையில் இருக்கின்றன. ஒரு அத்தியாயம் இதில், அடுத்த அத்தியாயம் அதில் என்று மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் சுவிட்ச்

சாதாரணக் கீபோர்டில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு சுவிட்ச்: ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் நகரும் ஒரு தண்டு, தொட்டு விலகும் இரண்டு உலோக இதழ்கள். இதழ்கள் தொடும்போது ஒரே தடவையில் அமைதியாக ஒட்டிக்கொள்வதில்லை. மிக நுண்ணிய நேரம் துள்ளிவிட்டுத்தான் அமரும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் இருக்கக் கீபோர்டுக்குள் இருக்கும் நிரல் சில மில்லி வினாடி காத்திருக்கிறது. கியூஎம்கே என்ற பரவலான திறந்த நிரலில் இது வழக்கமாக 5 மில்லி வினாடி. தூசியோ துருவோ ஏறிய இதழ் அதைவிட நீண்ட நேரம் துள்ளினால் ஒரு க இரண்டு க ஆகிவிடும். என் மகள் மக்கள் ஆனது இப்படித்தான்.

விலை கூடிய கீபோர்டில் இது நடக்கவே நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தச் சுவிட்சுக்கும் இது வரலாம். வந்தபின் நீங்களே சரிசெய்ய முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. என் பழைய கீபோர்டில் சுவிட்சுகள் எல்லாம் சர்க்யூட் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தன. ரேடியோ பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விசையின் சுவிட்சைப் பிரித்தெடுத்து எச் இடத்தில் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். 150 ரூபாய் வாங்கினார், அரை நாள் வேலை நின்றது. ஹாட்-ஸ்வாப் வசதி, அதாவது பற்றவைக்காமலே சுவிட்சைக் கழற்றிச் செருகும் வசதி உள்ள கீபோர்டில் இதே மாற்றத்தை இடுக்கி போன்ற ஒரு சிறு கருவியால் ஒரு நிமிடத்தில் முடிக்கலாம்.

ஆகவே 2,400 ரூபாயில் வாங்கினாலும் ஹாட்-ஸ்வாப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. விலை குறைந்த சில கீபோர்டுகளின் துளைகள் அவுடெமு நிறுவனத்தின் மெல்லிய ஊசி கொண்ட சுவிட்சை மட்டுமே ஏற்கும். கேட்டரான், கைல், செர்ரி ஆகிய மற்ற நிறுவனங்களின் சுவிட்ச் எதுவும் அதில் நுழையாது. வலிந்து திணித்தால் ஊசி மடங்கும். "எல்லா மூன்று ஊசி, ஐந்து ஊசி சுவிட்சுகளும் பொருந்தும்" என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் என்ற வடிவத்தைத்தான் இன்று ஏறக்குறைய எல்லோரும் பின்பற்றுகிறார்கள். காப்புரிமை 2014 வாக்கில் முடிந்தபின் சீன நிறுவனங்கள் அதே வடிவில் செய்யத் தொடங்கின. விலை இறங்கியது அப்போதுதான். இன்று கேட்டரானின் வழவழப்பு செர்ரியையும் மிஞ்சுகிறது என்பது என் அனுபவம். பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பெட்டியின் மேல் 5 கோடி அழுத்தம், 10 கோடி அழுத்தம் என்று போட்டிருப்பதையும் தள்ளிவிடுங்கள். கணக்குப் போட்டே சொல்கிறேன். நான் ஒரு நாளில் ஏறக்குறைய 40,000 அழுத்தம் தட்டுகிறேன். மிக அதிகம் உழைக்கும் விசைக்கு 4,000 என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 300 நாளில் 12 லட்சம். 5 கோடியைத் தொட 40 ஆண்டுக்கு மேல் ஆகும். சுவிட்ச் தேய்ந்து சாவதில்லை. தூசி, ஈரம், சிந்திய காபி இவற்றால்தான் சாகிறது.

எந்த நிறம்

சுவிட்சின் தண்டு நிறத்தை வைத்துச் சொல்வது மூன்று வகை. சிவப்பு என்பது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். செர்ரி சிவப்பு 45 சென்டிநியூட்டன் (ஏறக்குறைய 46 கிராம் எடை) அழுத்தத்தில், 2 மில்லிமீட்டர் ஆழத்தில் எழுத்தைப் பதியும். பழுப்பில் இறங்கும் வழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படும். நீலம் அந்த மேட்டோடு ஒரு கிளிக் ஓசையும் தரும், சற்றுக் கடினமாகவும் இருக்கும்.

நீலத்தின் ஓசையை நம்மில் பலர் பெயர் தெரியாமலேயே கேட்டிருக்கிறோம். சென்னையின் டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் விற்ற கோல்ட் கீபோர்டு எத்தனை மருந்துக்கடை, எத்தனை அலுவலக மேசைகளில் இருந்தது! பழைய கோல்டுகளுக்குள் செர்ரி நீலமே இருந்தது. நான் முதலில் சம்பளத்துக்குப் போன அச்சகத்தில் ஐந்து பேர் வரிசையாக அதில் தட்டினோம். மழை பெய்வது போல் இருக்கும். "மெக்கானிக்கல் என்றால் பணக்காரப் பொழுதுபோக்கு" என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கறுப்பு நிறக் கீபோர்டை நினைவூட்டுகிறேன். ஆனால் வீட்டில் இரவு 11 மணிக்குப் பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது நீலம் வேண்டாம்.

தட்டச்சுப் பயிலகத்தில் கற்றவர்களுக்கு என் யோசனை பழுப்பு வகைதான். கும்பகோணத்தில் நான் லோயர், ஹையர் படித்த காலத்தில் ரெமிங்டன் இயந்திரத்தில் விசையை அடி வரை அறைந்தால்தான் தாளில் எழுத்து விழும். அந்தக் கை இன்னும் போகவில்லை. சிவப்பில் தட்டினால் ஒவ்வொரு விரலும் அடித் தகட்டில் போய் மோதுகிறது. மாலையில் விரல் நுனி வலிக்கிறது. பழுப்பின் மேடு "பதிந்துவிட்டது, போதும்" என்று விரலுக்குச் சொல்கிறது. தொடக்கத்திலிருந்தே கணினியில் கற்றவர்களுக்குச் சிவப்பு பொருந்தலாம்.

சுண்டுவிரலுக்கு ஒரு சலுகை

ஆங்கிலக் குறிப்புகளைப் படித்து வாங்கினால் தவறவிடக்கூடிய இடம் இது. ஆங்கிலத்தில் வலக்கைச் சுண்டுவிரலுக்கு வேலை குறைவு. பி என்ற ஓர் எழுத்தும் நிறுத்தக்குறிகளும்தான். தமிழ்99-இல் அந்த ஒரு விரலின் பொறுப்பில் ந, ய, ச, ண, ஞ, ழ ஆறும் இருக்கின்றன. எண்டர், பேக்ஸ்பேஸ், வலப்பக்க ஷிஃப்ட் வேறு. கையிலேயே வலுக்குறைந்த விரல், ஒரு நாளில் ஆயிரக்கணக்கான அழுத்தம். எனக்கு மணிக்கட்டின் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த வலி இதனால்தான் என்று தெரிய வெகு காலம் ஆயிற்று.

ஜப்பானின் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டுகளில் ஒரு வகை உண்டு. அதில் எல்லா விசைக்கும் ஒரே கடினம் இருக்காது: பெரும்பாலானவை 45 கிராம், சுண்டுவிரலுக்கு உரியவை 30 கிராம், எஸ்கேப் போன்ற சில 55 கிராம். மிக விலை உயர்ந்த பொருள். ஆனால் அந்த யோசனையை 2,400 ரூபாய்க் கீபோர்டிலும் நிறைவேற்றலாம். நான் செய்தது இதுதான். 55 கிராம் பழுப்பு வகைச் சுவிட்சுகள் கீபோர்டு முழுக்க இருந்தன. 45 கிராம் ஸ்பிரிங் ஒரு பொட்டலம் சில நூறு ரூபாய்க்கு வாங்கினேன். சுண்டுவிரலின் ஆறு எழுத்துகள், எண்டர், பேக்ஸ்பேஸ் ஆகிய எட்டுச் சுவிட்சுகளைக் கழற்றினேன். சுவிட்சின் மேல்மூடியை நான்கு கொக்கிகள் பிடித்திருக்கும். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் மெல்லிய திருப்புளியால் இருபுறமும் மெதுவாக நெம்பினால் மூடி வந்துவிடும். தண்டை எடுத்து, ஸ்பிரிங்கை மாற்றி, தண்டின் இரு கால்களும் உலோக இதழ் பக்கம் இருக்கும்படி வைத்து மூட வேண்டும். வெள்ளைத் துணி விரித்துச் செய்யுங்கள். ஸ்பிரிங் துள்ளி ஓடினால் தரையில் தேடிக் கிடைக்காது. எட்டுக்கும் சேர்த்து 40 நிமிடம் ஆயிற்று. இரண்டே வாரத்தில் வலி விட்டது. 17,000 ரூபாய் கீபோர்டை வாங்கிய அன்றே அதற்கும் இதைச் செய்தேன், ஏனெனில் அந்த விலையிலும் யாரும் நம் சுண்டுவிரலை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

ஸ்பேஸ்பாரைத் தட்டிப் பாருங்கள்

கடையில் ஒரே ஒரு சோதனைக்கு நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். ஸ்பேஸ்பாரின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று தனித்தனியாக அழுத்துங்கள். அந்த நீண்ட விசையின் இரு பக்கமும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். விலை குறைந்ததில் அந்தக் கம்பி தன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆடி, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் ஒலிக்கும். விலை கூடியதில் ஸ்டெபிலைசர் சர்க்யூட் போர்டோடு திருகாணியால் இறுக்கப்பட்டு, மசகும் இடப்பட்டு வரும். இரண்டு விலைக்கும் காதில் கேட்கும் வேறுபாட்டில் பாதி இங்கேதான் இருக்கிறது. மின்னணுப் பொருள் கடைகளில் கிடைக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸை ஊசிக்குழலால் கம்பியின் இரு முனையிலும் அரிசி அளவு வைத்தால் 2,400 ரூபாய் ஸ்பேஸ்பாரும் அடங்கிவிடும். சுவிட்சுக்குள் அந்தக் கிரீஸ் போகக்கூடாது.

கீகேப், அதாவது விரல் படும் பிளாஸ்டிக் தொப்பியைப் பற்றிச் சுருக்கமாக: ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் எண்ணெய் பூசியது போல் மினுங்கும், பிபிடி நீண்ட நாள் சொரசொரப்பாக இருக்கும். என்னுடைய ஏபிஎஸ் கீபோர்டில் முதலில் மினுங்கியது எஃப் விசை. தமிழ்99-இல் அதுதான் புள்ளி. இரண்டு வண்ணப் பிளாஸ்டிக்கை வார்த்துச் செய்த எழுத்து அழியாது. மேலே அச்சடித்தது அழியும். பார்க்காமல் தட்டுபவர்களுக்கு அதுவும் பெரிதல்ல.

17,000 ரூபாய் எங்கே போகிறது

பெரும்பகுதி உலோக உடலுக்கு. கீக்ரானின் கியூ வரிசை போன்றவை அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்தவை; முக்கால் அளவுக் கீபோர்டே ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். மேசையில் இம்மியும் நகராது. உள்ளே தகட்டுக்கும் உடலுக்கும் நடுவே மெத்தை வைத்திருப்பதால் விசை அடியில் மோதும்போது கட்டையில் தட்டிய மாதிரி கனமான, மெதுவான ஓசை வரும். இதைத் தட்டும் இன்பம் உண்மையானது. மாலை ஐந்து மணிக்கு இன்னும் இருபது பக்கம் மிச்சமிருக்கும் நாளில் என் கை தானாக அந்தக் கீபோர்டை இழுத்துக்கொள்கிறது. பத்து மணி நேரம் ஒரு பொருளோடு இருப்பவர்களுக்கு அது வீண்செலவு இல்லை.

ஆனால் பக்கக் கணக்கைப் பார்த்தால் இரண்டிலும் ஒரே வேகம்தான். பிழையும் கூடக் குறையவில்லை. பையில் போட்டு எடுத்துப்போக முடியாது. உடல் உயரமாக இருப்பதால் உள்ளங்கைக்கு அடியில் தாங்கு பலகை கட்டாயம் வேண்டும்; நான் தச்சரிடம் வேப்பம்பலகையில் ஒன்று இழைத்து வாங்கிக்கொண்டேன்.

உடலைத் தவிர, நிரலுக்கும் பணம் போகிறது. கியூஎம்கே நிரலும் வியா என்ற அமைப்புத் திரையும் உள்ள கீபோர்டில் எந்த விசையையும் எதுவாகவும் மாற்றலாம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. கேப்ஸ் லாக் நமக்குச் சும்மா கிடக்கிறது. விண்டோஸில் மொழி மாற்றும் விண்டோஸ்-ஸ்பேஸ் இணைப்பை அந்த ஒரே விசையில் வைத்துவிட்டேன். ஆங்கிலப் பெயர்கள் நிறைந்த அறிவியல் நூல் தட்டும்போது இதன் அருமை தெரியும். இந்த வசதிக்காக அலுமினியம் வாங்க வேண்டியதில்லை. கீக்ரானிலேயே வி வரிசையில் பிளாஸ்டிக் உடலோடு இதே நிரலும், ஹாட்-ஸ்வாப்பும், திருகாணி ஸ்டெபிலைசரும் கிடைக்கின்றன. விலை ஏறக்குறையப் பாதி. தட்டச்சையே தொழிலாகக் கொண்டு, ஒருமுறை மட்டும் செலவழிக்க நினைப்பவர்களை அந்த நடு விலைக்குத்தான் அனுப்புவேன். அலுமினியம் ஆசைக்கு, ஆசை இருந்தால், கையில் பணமும் இருந்தால், வாங்குங்கள்.

வண்ண விளக்கு, புளூடூத், விளையாட்டுக்கான அதிவேகம் ஆகியவற்றுக்கு நம் வேலையில் இடமில்லை. கம்பி கழற்றி மாட்டக்கூடியதாக, டைப்-சி துளையோடு இருந்தால் போதும்.

தங்கை மகளுக்கு நான் சொன்னது: முதல் ஆண்டு 2,400 ரூபாயில் வாங்கு. 87 விசை, ஹாட்-ஸ்வாப், பழுப்பு வகை. எண்பலகை வேண்டாம், மவுஸ் கைக்கு அருகில் வரும், தோள் தப்பிக்கும். கிரீஸுக்கும் ஸ்பிரிங்குக்கும் 600 ரூபாய் ஒதுக்கு. வந்தவுடன், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், தமிழ்99-இல் இந்த ஆறு சொற்களையும் ஒவ்வொன்றையும் 50 தடவை தட்டு: மகள், பசை, படம், கதை, அமை, வெறி. பிறகு தேடல் பெட்டியில் மக்கள், பச்சை, பட்டம், கத்தை, அம்மை, வெற்றி என்று போட்டுத் தேடு. ஒன்றுகூடக் கிடைக்கக்கூடாது. மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்.

நான்காம் மாதம் அவளிடமிருந்து செய்தி வந்தது. 50 வெறியில் இரண்டு வெற்றி. ற இருக்கும் யூ விசையின் சுவிட்சைக் கழற்றி, ஸ்க்ரோல் லாக்கின் சுவிட்சை அங்கே வைத்து, மறுபடி 50 தட்டியிருக்கிறாள். ஐம்பதும் வெறியாகவே விழுந்திருக்கின்றன.